கட்டுவிரியன் தூங்குபவர்களைத் தேடி வந்து கடிக்கிறதா?

வைக்கோல் போரைப் பிரித்தபோது அடியில் ஒரு கருப்புப் பாம்பு சுருண்டு கிடந்தது, குச்சியால் புரட்டியும் அது சீறவில்லை, தலையைத் தன் உடல் சுருளுக்குள் புதைத்துக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே வகைப் பாம்புதான் போன மழைக்காலத்தில் உங்கள் தெருவில் பாயில் படுத்திருந்த ஒருவரை இரவில் கடித்தது என்று ஊரார் சொல்கிறார்கள். பகலில் இவ்வளவு சாதுவாக இருக்கும் பாம்பு இரவானதும் மனிதரைத் தேடி வந்து கடிக்குமா, தூங்குபவரின் மூச்சைக் குடிக்கும் என்பது உண்மையா என்பவை நீங்கள் கேட்ட கேள்விகள். அவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. இன்றிரவு பிள்ளைகளைத் தரையில் படுக்க வைக்கலாமா என்பது அது. அதற்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். மற்றவற்றுக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

நான் மருத்துவன் அல்ல. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாம்புகளை அடையாளம் காண்பதும், வீடுகளுக்குள் வந்தவற்றைப் பிடித்து வெளியே விடுவதும், கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. பாம்பின் நடத்தை பற்றி நான் சொல்வதில் பெரும்பகுதி கண்ணால் கண்டது. சிகிச்சை பற்றிச் சொல்வது மருத்துவர்களிடம் கேட்டும் அவர்களுக்கான வழிகாட்டு நெறிகளைப் படித்தும் அறிந்தது. எது உறுதி, எது ஊகம் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பெயர். நீங்கள் விவரித்த அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது கட்டுவிரியனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விரியன் என்ற பெயர் இருந்தாலும் இது கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் இனம் அல்ல. நல்லபாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. விரியன்களின் நஞ்சு பெரும்பாலும் இரத்தத்தையும் தசையையும் தாக்கும். கடித்த இடம் வீங்கும், வலி உயிரை எடுக்கும். கட்டுவிரியனின் நஞ்சு நரம்பைத் தாக்கும். கடித்த இடத்தில் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. விரியன் என்ற சொல்லைக் கேட்டு வீக்கத்தை எதிர்பார்த்துக் காத்திருந்து நேரத்தை இழந்தவர்களை நான் அறிவேன். சில ஊர்களில் இதை எட்டடி விரியன் என்பார்கள். கடித்தால் எட்டு அடி எடுத்து வைப்பதற்குள் விழுந்துவிடுவோம் என்று பொருள் சொல்வார்கள். அதுவும் தவறு. நஞ்சின் அறிகுறிகள் தெரியப் பல மணி நேரம்கூட ஆகலாம். அந்த மணி நேரங்கள்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அறிவியல் பெயர் பங்காரஸ் செருலியஸ். முதற்பகுதி, பொன்னைக் குறிக்கும் ‘பங்காரு’ என்ற தெலுங்குச் சொல்லிலிருந்து வந்தது. அது பொருந்துவது மஞ்சள் பட்டைகள் கொண்ட அதன் உறவுப் பாம்புக்கு. இரண்டாம் பகுதி நீலத்தைக் குறிக்கிறது. புதிதாகச் சட்டை உரித்த கட்டுவிரியனை விளக்கொளியில் பார்த்தால் அந்தக் கருமையில் ஓடும் நீலப் பளபளப்பு தெரியும். எனக்குத் தெரிந்து இந்த மண்ணின் அழகான பாம்புகளில் அதுவும் ஒன்று.

வளர்ந்த பாம்பு பொதுவாக மூன்றடி நீளம் இருக்கும். ஐந்தடியைத் தாண்டியவையும் உண்டு. பளபளப்பான கருப்பு உடலில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் குறுக்கே ஓடும், பெரும்பாலும் இரண்டிரண்டாக. கழுத்துப் பக்கம் இந்தக் கோடுகள் மங்கியோ, வெறும் புள்ளிகளாகவோ, முற்றிலும் இல்லாமலோ இருக்கும். வால் நோக்கிப் போகப்போகத் தெளிவாகும். முதுகெலும்பை ஒட்டி நடுவில் ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் அறுகோண வடிவில் மற்றவற்றைவிடப் பெரியவையாக இருக்கும். இதை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்வதற்குக் காரணம், வெள்ளிக்கோல் வரையன் என்ற நஞ்சில்லாப் பாம்பு. வீட்டுச் சுவர்களில் பல்லி தேடி ஏறும் அந்த எளிய உயிர், கட்டுவிரியன் என்று நினைத்து நாள்தோறும் அடித்துக் கொல்லப்படுகிறது. அதற்குக் கோடுகள் கழுத்துப் பக்கம் பளிச்சென்று தொடங்கி வால் பக்கம் மங்கும், கட்டுவிரியனுக்கு நேர்மாறு. நிறமும் பெரும்பாலும் பழுப்பு கலந்தது. நடுமுதுகுச் செதில்கள் பெரிதாக இருப்பதில்லை. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வேறுபாடுகள் புகைப்படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு. கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்வதற்கு அல்ல. கோடுகளே இல்லாத கட்டுவிரியன்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஐயம் இருந்தால் அது கட்டுவிரியன்தான் என்று வைத்துக்கொண்டு விலகி நில்லுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட முரணுக்கு வருகிறேன். பகலில் இந்தப் பாம்பு அப்படித்தான் இருக்கும். எலி வளை, கறையான் புற்று, செங்கல் அடுக்கு, விறகுக் குவியல், உங்கள் வைக்கோல் போர் என எங்காவது இருட்டான, சற்று ஈரப்பதமுள்ள இடத்தில் சுருண்டு கிடக்கும். தொந்தரவு செய்தால் உடலைத் தளர்ந்த பந்துபோலச் சுருட்டி, தலையை அதற்குள் மறைத்துக்கொள்ளும். சிலவேளை உடலைத் தட்டையாக்கித் திடீரென்று ஒரு துள்ளுத் துள்ளும். நல்லபாம்பைப்போலப் படமெடுக்காது, கண்ணாடி விரியனைப்போலக் குக்கர் விசில் அடிக்காது. எச்சரிக்கையே இல்லாத பாம்பு என்று சொல்லலாம். இருட்டியபின் அதே பாம்பைப் பார்த்தால் வேறொரு உயிரைப் பார்ப்பதுபோல் இருக்கும். தலை தாழ்ந்து, நாக்கு இடைவிடாமல் வெளியே வந்து போக, தரையோடு தரையாக வேகமாக ஓடும். வழியில் மறித்தால் சட்டென்று திரும்பும். பகலில் அது சாதுவாகக் கிடப்பதைப் பார்த்துத்தான், பகலில் தொட்டாலும் கடிக்காது என்ற நம்பிக்கை வந்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கையின் முதல் பாதி ஓரளவு உண்மை, இரண்டாம் பாதி ஆளைக் கொல்லும். பகலில் கடிக்கத் தயங்கும்; கடிக்காது என்பதில்லை. குச்சியால் புரட்டினேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. தயவுசெய்து இனி அப்படிச் செய்யாதீர்கள்.

இரவில் அது அலைவது இரைக்காக. இந்தப் பாம்பின் உணவில் முக்கிய இடம் மற்றப் பாம்புகளுக்கு. புழுப்பாம்பு முதல் தன் இனத்துக் குட்டிகள் வரை தின்னும். எலி, சுண்டெலி, தவளை, பல்லி, அரணை ஆகியவையும் உண்டு. பட்டியலைப் பாருங்கள்: இவற்றில் எது நம் வீட்டைச் சுற்றி இல்லை? தானியம் வைத்த மூலைக்கு எலி வருகிறது, விளக்கடியில் விழும் பூச்சிக்குப் பல்லியும் தவளையும் வருகின்றன, அவற்றின் தடத்தைப் பிடித்துக்கொண்டு கட்டுவிரியன் வருகிறது. நம் வீடு அதற்கு வேட்டைக்காட்டின் ஒரு பகுதி. மனிதர் அதன் இரைப் பட்டியலில் இல்லை; நம்மை விழுங்கும் வாயும் அதற்கு இல்லை. கோடையில் பெண் பாம்பு 8 முதல் 12 முட்டை வரை இட்டு, அவற்றைவிட்டு அகலாமல் கூடவே இருக்கும். இரண்டு மாதம்போல ஆனதும் ஒரு சாண் அளவுக்குச் சற்று கூடுதலான குட்டிகள் வெளிவரும். முட்டையிலிருந்து வந்த நாளிலேயே அவற்றுக்கு நஞ்சு உண்டு. சின்னப் பாம்புதானே என்று யாரும் எண்ண வேண்டாம்.

அப்படியானால் தூங்குபவர்களை ஏன் கடிக்கிறது? தூங்குபவர்கள் கடிபடுகிறார்கள் என்பதில் ஐயமே இல்லை. இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய மூன்று நாடுகளிலும் இந்தப் பாம்பின் கடியைப் பற்றி மருத்துவர்கள் எழுதியவை ஒரே படத்தைத்தான் காட்டுகின்றன: இரவு, வீட்டுக்குள், தரையில் படுத்திருந்தவர். உறுதியாகச் சொல்லக்கூடிய காரணம் எளியது. சுவர் ஓரமாக, தரையோடு தரையாக வேட்டையாடிக்கொண்டு போகும் பாம்பின் பாதையில் ஓர் உடல் குறுக்கே கிடக்கிறது. தூக்கத்தில் கை அசைகிறது, அல்லது ஆள் புரண்டு பாம்பின்மேல் படுகிறார். அழுத்தப்பட்ட பாம்பு கடிக்கிறது. விரல், முழங்கை, காது, கழுத்து என்று விழித்திருப்பவரைப் பாம்பு பொதுவாகக் கடிக்காத இடங்களில் கடி விழுவது இதனால்தான். உடல் சூட்டை நாடிப் போர்வைக்குள் வருகிறது என்று பலர் சொல்வார்கள், சில மருத்துவ நூல்களிலும் பார்த்திருக்கிறேன். அது நடக்கக்கூடியதுதான், ஆனால் நிறுவப்பட்டதில்லை. குழிவிரியன்களுக்கு முகத்தில் இருப்பதுபோன்ற வெப்பம் உணரும் குழி கட்டுவிரியனுக்குக் கிடையாது. மேலும், வெக்கையான கோடை இரவுகளிலும் கடி நேர்கிறது. அப்போது சூட்டைத் தேட வேண்டிய தேவை பாம்புக்கு என்ன? வியர்வை வாடைக்கு வருகிறது என்பதும் இப்படித்தான், சொல்பவர்கள் பலர், காட்டியவர் எவருமில்லை. தேடி வருகிறது என்ற சொல்லை நான் ஏற்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தேடி வருவதாக நினைத்தால் விதி என்று விட்டுவிடுவோம். வழியில் படுத்திருக்கிறோம் என்று புரிந்தால் எழுந்து வேறிடத்தில் படுப்போம். தென்கிழக்கு நேபாளத்தில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, கொசுவலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி ஆபத்து மிக மிகக் குறைவு என்று காட்டியது. மனிதரைக் குறிவைத்து வரும் விலங்கை ஒரு மெல்லிய நூல்வலை அவ்வளவு எளிதாகத் திருப்பி அனுப்பாது.

மூச்சைக் குடிக்கும் பாம்பு என்ற நம்பிக்கையை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். ராஜஸ்தான் பாலைவனப் பகுதியில் ‘பீவணா’ என்று இதற்கு ஒரு பெயரே உண்டு, குடிப்பது என்ற பொருளில். அங்கே அது பெரும்பாலும் கட்டுவிரியனின் நெருங்கிய உறவான சிந்து விரியனைக் குறிக்கிறது. அந்த நம்பிக்கை எப்படி உருவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரவில் நலமாகப் படுத்தவர் விடியும்போது இமை திறக்க முடியாமல், பேச்சு குழறி, மூச்சுத் திணறிக் கிடக்கிறார். உடலில் காயம் இல்லை, வீக்கம் இல்லை. மூலையில் ஒரு பாம்பு தெரிகிறது. பார்த்தவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்: பாம்பு வந்தது, மூச்சு போனது. இடையில் நடந்த கடி மட்டும் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டுவிரியனின் நச்சுப்பற்கள் மிகச் சிறியவை. விரியனுடையதைப்போல நீண்டு மடங்குபவை அல்ல. கொசுக்கடி அளவுக்குத்தான் தடயம் இருக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது. வலி மிகக் குறைவு. ஏதோ எறும்பு கடித்தது என்று புரண்டு படுத்தவர்கள் உண்டு, தூக்கமே கலையாதவர்களும் உண்டு. இந்தப் பாம்பின் ஆபத்து அதன் கோபத்தில் இல்லை, அதன் கடி வலிக்காமல் இருப்பதில்தான் இருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் பாம்பு பிடிக்க அழைத்தார்கள். போனபோது பாம்பு அடுப்படியில் விறகுக்குப் பின்னால் இருந்தது, நல்ல வளர்ந்த கட்டுவிரியன். அதைப் பையில் போட்டுவிட்டு, வீட்டில் எல்லாரும் நலமா என்று வழக்கம்போலக் கேட்டேன். எல்லாரும் நலம், மருமகளுக்கு மட்டும் விடியற்காலையிலிருந்து வயிற்றுவலி, மருத்துவமனையில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறோம், படுத்திருக்கிறாள் என்றார் அந்த அம்மா. உள்ளே போய்ப் பார்த்தேன். அந்தப் பெண் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இமைகள் பாதிக்குமேல் திறக்கவில்லை, அதனால்தான் தலையைச் சாய்த்திருக்கிறார். எச்சிலை விழுங்க முடிகிறதா என்று கேட்டேன். இல்லை என்று கை அசைத்தார். மாத்திரை கொடுத்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கடித்த தடயம் இல்லை, பாம்பைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை, வயிற்றுவலி என்றுதான் சொன்னார்கள். அந்தப் பெண்ணைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஐந்து நாள் செயற்கை சுவாசக் கருவியில் இருந்து பிழைத்தார். அன்றிலிருந்து எந்தப் பயிற்சியிலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: தரையில் தூங்கியவருக்கு விடியலில் காரணம் தெரியாத வயிற்றுவலியோ, தொண்டை அடைப்போ, இமை இறக்கமோ வந்தால், இல்லை என்று உறுதியாகும்வரை அது கட்டுவிரியன் கடிதான்.

அந்த நஞ்சு உள்ளே என்ன செய்கிறது என்பது நன்றாகவே ஆராயப்பட்டிருக்கிறது. நம் நரம்பு ஒரு தசையை இயக்க வேண்டுமானால், நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவந்து தசையில் உள்ள ஏற்பியைத் தொட வேண்டும். கட்டுவிரியன் நஞ்சில் இருவகை நச்சுப்பொருள்கள் உண்டு. ஒருவகை தசையின் ஏற்பியை அடைத்துக்கொள்ளும். மற்றொரு வகை நரம்பு நுனிக்குள்ளேயே புகுந்து அதைச் சிதைத்துவிடும். நல்லபாம்பின் நஞ்சில் முதல் வகைதான் முதன்மையானது. பூட்டில் திணித்த தவறான சாவியைப்போல அதை எடுத்துவிட்டால் தசை மீண்டும் இயங்கும். கட்டுவிரியனின் இரண்டாவது வகை பூட்டையே உடைத்துவிடுகிறது. உடைந்த நரம்பு நுனி மீண்டும் வளர்ந்துதான் ஆக வேண்டும். அதற்கு நாட்கள், சிலருக்கு வாரங்கள் ஆகும். இமை, கண், தொண்டை, கடைசியில் மூச்சை இயக்கும் தசைகள் என்று மேலிருந்து கீழாகச் செயலிழப்பு இறங்கும். நம் பாம்பின் உறவான தைவான் நாட்டுப் பாம்பு ஒன்றின் நஞ்சிலிருந்து சாங், லீ என்ற இரு விஞ்ஞானிகள் 1963இல் பிரித்தெடுத்த ஆல்ஃபா பங்காரோடாக்சின் என்ற பொருளைக் கொண்டுதான், தசையில் உள்ள அந்த ஏற்பியையே பின்னர் தனியே பிரித்து ஆராய முடிந்தது. மையஸ்தீனியா கிரேவிஸ் என்ற தசைத்தளர்ச்சி நோயைப் பற்றிய நம் அறிவு அந்த வழியில் வந்தது. ஆட்களைக் கொன்ற அதே நஞ்சு இன்னொரு நோயாளிக் கூட்டத்துக்கு வாழ்வு தந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சைச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து தயாரிக்கிறார்கள். அதற்கான நஞ்சில் பெரும்பங்கு சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. மண்ணில் விழுந்த தடத்தையும் எச்சத்தையும் வைத்தே எந்த வளையில் எந்தப் பாம்பு என்று சொல்லும் இருளர்களிடம்தான் நானும் இந்தத் தொழிலைக் கற்றேன். மருந்தின் தரம் இப்படி வகுக்கப்பட்டிருக்கிறது: ஒரு மில்லிலிட்டர், 0.45 மில்லிகிராம் கட்டுவிரியன் நஞ்சை முறிக்க வேண்டும். ஒரு கடியில் இறங்கும் நஞ்சு இதைவிடப் பல மடங்கு இருக்கலாம், பத்துக் குப்பி வரை முதலிலேயே ஏற்றுவது இதனால்தான். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு. பாம்பு ஆள் பார்த்து நஞ்சைக் குறைத்துக் கடிப்பதில்லை அல்லவா? ஆனால் இந்த மருந்து இரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் பிடிக்கும். சிதைந்துபோன நரம்பு நுனியைச் சரிசெய்யாது. ஆகவே மருந்து சீக்கிரம் ஏறினால்தான் பயன் அதிகம். தாமதமானால் உயிரைக் காப்பது செயற்கை சுவாசக் கருவி. கருவியில் இருக்கும் நோயாளிக்கு உடல் முழுதும் அசைவற்று, கண்மணிகூட விரிந்து நிற்கலாம். மூளைச்சாவு போலவே தோன்றும். ஆனால் பலர் முழு நினைவோடு, பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அப்படிக் கிடந்தவர்கள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். உறவினர்கள் நம்பிக்கை இழந்து கருவியை எடுக்கச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். பக்கத்தில் அமர்ந்து பேசுங்கள், அவர் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

பகலில் கடிக்காது, சின்னது ஒன்றும் செய்யாது, பார்த்தால் அடையாளம் தெரியும் என்ற மூன்றையும் ஒரே நிகழ்ச்சி பொய்யாக்கியது. ஜோசப் ஸ்லோவின்ஸ்கி என்ற அமெரிக்கப் பாம்பியல் அறிஞர், நச்சுப்பாம்புகளை ஆராய்ந்தவர், 2001 செப்டம்பர் 11 அன்று காலை மியான்மரின் வடக்கே ஒரு தொலைதூர முகாமில் துணிப்பை ஒன்றுக்குள் கைவிட்டார். உள்ளே இருந்தது கட்டுவிரியன்போலத் தோற்றமளிக்கும் நஞ்சில்லாப் பாம்பு என்று நினைத்திருந்தார்கள். இருந்தது கட்டுவிரியன் இனத்தின் சிறிய பாம்பு. அது அவரைக் கடித்தது, கடித்த தடயம் ஏறக்குறைய தெரியவேயில்லை. மூச்சுத் தசைகள் நின்றபின் நண்பர்கள் மாறிமாறி வாயோடு வாய் வைத்து மணிக்கணக்கில் மூச்சூட்டினார்கள். மழையால் ஹெலிகாப்டர் வர முடியவில்லை, மறுநாள் இறந்தார். உலகில் இந்த இனத்தை அவரைவிட அதிகம் அறிந்தவர்கள் மிகச் சிலரே.

கடித்துவிட்டால், அல்லது கடித்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலே, செய்ய வேண்டியவை குறைவு. கடித்த இடத்தை அறுக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். ஆளை நடக்கவிடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து வண்டியில் ஏற்றுங்கள். விழுங்கச் சிரமப்பட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். விஷமுறிவு மருந்தும் செயற்கை சுவாசக் கருவியும் உள்ள மருத்துவமனை எது என்பதை இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். நடு இரவில் விசாரிக்க முடியாது. பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டிய தேவையில்லை. தொலைவிலிருந்து ஒரு புகைப்படம் கிடைத்தால் போதும், அதுவும் இல்லாவிட்டால் பரவாயில்லை, அறிகுறிகளை வைத்தே சிகிச்சை தொடங்குவார்கள். அறிகுறி இல்லை என்று வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். குறைந்தது ஒருநாள் கண்காணிப்பில் இருக்க வேண்டும். சிறியாநங்கைச் சாறும் மந்திரமும் பலித்ததாகச் சொல்லப்படும் கதைகளுக்கு ஒரு விளக்கம் உண்டு. எல்லாக் கடியிலும் பாம்பு நஞ்சைச் செலுத்துவதில்லை, நஞ்சில்லாப் பாம்பின் கடியையும் கட்டுவிரியன் கடி என்றே நம்பி வருகிறார்கள். அவர்கள் எந்தச் சாறு குடித்தாலும் பிழைத்திருப்பார்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இதில் கட்டுவிரியனின் பங்கைத் துல்லியமாகப் பிரிப்பது கடினம், வழியிலேயும் வீட்டிலேயும் இறந்தவர்களை எந்தப் பாம்பு கடித்தது என்று யார் பதிவு செய்தார்கள்? தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக அறிவித்தது இந்த இருட்டை ஓரளவு நீக்கும் என்று நம்புகிறேன்.

இனி உங்கள் வீடு. கட்டில் இருந்தால் கட்டிலில் படுங்கள், சுவரிலிருந்து சற்றுத் தள்ளிப் போட்டு. ஆனால் கட்டில் மட்டும் போதாது. தரையைத் தொடும் போர்வையைப் பிடித்துக்கொண்டு ஏறிவரும், கட்டிலில் படுத்தவர்களும் கடிபட்டிருக்கிறார்கள். கொசுவலையை நான்கு பக்கமும் மெத்தைக்கடியிலோ பாய்க்கடியிலோ செருகுங்கள். கட்டில் வாங்க வசதியில்லை என்றாலும் வலையைச் செருகிப் பாயில் படுப்பது எவ்வளவோ மேல். நான் ஒரே ஒரு பரிந்துரைதான் செய்யலாம் என்றால் அந்த வலையைத்தான் சொல்வேன். இரவில் எழுந்தால் டார்ச் வெளிச்சமில்லாமல் காலைத் தரையில் வைக்காதீர்கள். தானியத்தை மூடிவைத்து, எலி வளைகளை அடைத்து, கதவுக்கடியில் உள்ள இடைவெளியைத் துணி திணித்தாவது மூடுங்கள். பூண்டு, கந்தகம், பினாயில், வாசலில் தொங்கும் ஆகாசகருடன் கிழங்கு ஆகியவற்றைத் தாண்டி வந்த பாம்புகளை நான் பிடித்திருக்கிறேன். அவற்றை நம்பிக் கதவிடுக்கைத் திறந்து வைக்காதீர்கள். ஜோடிப் பாம்பு பழிவாங்க வரும் என்ற அச்சமும் வேண்டாம். மறுபடி ஒன்று வந்தால், முதல் பாம்பை வரவழைத்த எலியும் இடுக்கும் இன்னும் அங்கே இருக்கின்றன என்றுதான் பொருள்.

அந்த வைக்கோல் போரை நாளைக் காலை, நல்ல வெளிச்சத்தில், நீண்ட கவைக்கோல் கொண்டு, கால்களில் பூட்ஸ் அணிந்து, மேலிருந்து அடுக்கடுக்காக எடுங்கள். கையை உள்ளே விட வேண்டாம், பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம். பாம்பு மீண்டும் தெரிந்தால் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, வனத்துறையையோ பயிற்சி பெற்ற பாம்புப் பிடிப்பவரையோ கூப்பிடுங்கள். அவர்கள் வரும்வரை ஒருவர் தொலைவில் நின்று அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பகலில் அது பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். புதிய போரை வீட்டுச் சுவரை ஒட்டிப் போடாமல், தள்ளி, தரையிலிருந்து சற்று உயர்த்திப் பலகைமேல் போடுங்கள்.